குறியீடும் கூலியும்

மூன்று வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கங்களில் ஒரு நண்பரின் கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். அதில் அரிவாளைப் பற்றி ஒரு கவிதை உண்டு. எரவாணத்தில் செருகிக் கிடக்கும் அரிவாள், பிடியில் சுற்றிய துணி, மழை மாதத்தில் ஏறும் துரு, எடுப்பாரில்லை. கவிதை இவ்வளவே. நான் அதை 'நிலவுடைமை வன்முறையின் உறைந்த குறியீடு' என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல் அந்த உறைவிலிருந்து ஒன்றரைப் பக்கம் உருக்கியும் எடுத்தேன். பத்திரிகை வெளிவந்த பின் நண்பரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கோபமில்லாத கடிதம் என்பதால் பதில் எழுதுவது சிரமமாகிவிட்டது. அரிவாள் அப்பாவுடையது, அப்பா கூலிக்கு விறகு வெட்டப் போனவர், அவர் காலமான பிறகு அதை எடுக்க யாருக்கும் கை வரவில்லை என்று மூன்று வரி. கவிஞனின் உத்தேசம் விமர்சகனைக் கட்டுப்படுத்தாது என்று பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில் கற்றதை எனக்கு நானே ஒரு தடவை ஒப்பித்துக்கொண்டேன். நண்பர் அதற்குப் பிறகு எனக்குக் கவிதை எதையும் அனுப்பவில்லை.

இக்கட்டுரை ஜெர்மன், ஸ்விஸ் மரச்செதுக்குப் படங்களைப் பற்றியது. இருந்தும் நண்பரின் கடிதத்தை முன்னால் வைக்கக் காரணம் உண்டு. அந்தப் படங்களையும் நான் முதலில் அதே கண்ணோடுதான் பார்த்தேன்.

திருவல்லிக்கேணி நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதுகு கிழிந்த ஒரு டோவர் பதிப்பு கிடைத்தது. ட்யூரரின் மரச்செதுக்குகள் முழுமையும் அடங்கிய புத்தகம். அங்கே தொடங்கி, அவன் காலத்தவர்கள், அவனுக்கு அடுத்து வந்தவர்கள் என்று போய்க்கொண்டே இருந்தேன். அருங்காட்சியகங்கள் தங்கள் சேகரிப்பைத் திரையிலேயே பார்க்க வைத்திருக்கும் காலம் இது. ஒரு தொப்பியின் இறகை, ஒரு வாள்பிடியின் வளைவைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஐந்நூறு வருஷங்களுக்கு முன் அந்தத் தாளை வாங்கிச் சுவரில் ஒட்டியவன்கூட இவ்வளவு நெருங்கிப் பார்த்திருக்க மாட்டான். பார்க்க வேண்டிய அவசியமும் அவனுக்கு இருந்திராது.

1480களின் பிற்பகுதியில் ஹாப்ஸ்பர்க் மாக்ஸிமிலியன், ஸ்விஸ் ஈட்டிப் படையின் முறையைப் பின்பற்றித் தன் நிலங்களில் ஒரு கூலிப்படைக் காலாளை உருவாக்கினான். லாண்ட்ஸ்க்னெக்ட் என்பது அவன் பெயர். அதற்கு முன் 1476லும் 1477லும் பர்கண்டியின் சார்ல்ஸை, அவனுடைய கவசக் குதிரைப்படையோடு சேர்த்து, ஸ்விஸ் காலாட்கள் குத்திச் சாய்த்திருந்தார்கள். குதிரைமேல் இருந்த பிரபுத்துவத்துக்கு எதிராகத் தரையில் நின்ற ஈட்டி ஜெயித்த தருணம் அது. அடுத்த ஐம்பது வருஷங்களில் நூரம்பெர்க், ஆக்ஸ்பர்க், பாஸெல் ஆகிய அச்சு நகரங்களிலிருந்து இந்தக் காலாளின் படங்கள் தனித்தாள்களாக வெளிவந்து குவிந்தன. எர்ஹார்ட் ஷோன், நிக்லாஸ் ஸ்டோர், ஹான்ஸ் ஜேபால்ட் பேஹாம் ஆகியோர் வரைய, நூரம்பெர்க்கில் ஹான்ஸ் குல்டென்முண்ட் போன்றவர்கள் வெளியிட்டார்கள். சில தாள்களில் மேலே செய்யுள் இருக்கும். அதை எழுதியவர்களில் ஹான்ஸ் ஸாக்ஸும் உண்டு. தொழிலால் அவன் செருப்புத் தைப்பவன். உருவப்படம் என்று இவற்றைச் சொல்கிறோமே தவிர, பெரும்பாலானவற்றில் ஆள் யார் என்பது கிடையாது. ஆளின் பதவி எது என்பதுதான் உண்டு. கொடிக்காரன், தம்பட்டக்காரன், குழலூதி, இரட்டைச் சம்பளக்காரன்.

ஆயுதங்களும் அப்படியே. ஐந்து மீட்டருக்கு ஓரிரு சாண் குறையக்கூடிய நெடிய ஈட்டி. வெட்டவும் குத்தவும் இழுக்கவும் மூன்று வாய் கொண்ட ஹால்பெர்ட். மூன்றடிக்குள் அடங்கும் காட்ஸ்பால்கர் என்ற குறுவாள். அதன் பிடிக்காப்பு எட்டு என்ற எண்ணைப்போல முறுக்கியிருக்கும். தோள்மேல் சாய்த்த இருகை வாள். கவசம் பெரும்பாலும் மார்பளவு அல்லது கழுத்தளவு. அதற்குக் கீழே கிழித்துக் கிழித்துக் கீறலிட்ட உடை. கீறல்களின் வழியே உள்ளாடையின் பட்டு வெளியே பிதுங்கும். தொடைகளுக்கு நடுவே துணி அடைத்து உப்ப வைத்த பை ஒன்று. தலையில் தீக்கோழி இறகுகள்.

இதைப் பார்க்கும் ஒரு விமர்சகனுக்கு, அதிலும் ஃப்ராய்டை அரைகுறையாகப் படித்தவனுக்கு, வேலை எவ்வளவு சுலபம் என்று சொல்ல வேண்டியதில்லை. வாள் எது, பை எது, ஈட்டி எது என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதினேன். எழுதி முடித்த பிறகு ஒரு சங்கடம் தட்டியது. நான் கண்டுபிடித்ததாக நினைத்த எதையும் படம் ஒளித்து வைத்திருக்கவில்லை. வாள்பிடி அந்தப் பைக்குப் பக்கத்தில், அதே கோணத்தில், ஒரு சிறு பையனுக்கும் விளங்கும்படி வரையப்பட்டிருக்கிறது. அதை வரைந்தவனும் சிரித்தான், வாங்கியவனும் சிரித்தான். ஐந்நூறு வருஷங்கள் கழித்து நான் அதைக் 'குறியீடு' என்று அறிவிக்கிறேன்.

எங்கள் கிளையில் ரொக்கப் பெட்டகம் இருப்பதால் துப்பாக்கியோடு ஒருவர் நிற்கிறார். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். வங்கியின் ஊழியர் அல்ல. ஓர் ஏஜென்சி அனுப்பிய ஆள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் என் மேஜைமேல் ஒரு லாண்ட்ஸ்க்னெக்ட் படத்தின் பிரதி கிடந்தது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இவன் எங்கயும் போகல சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

"காலைப் பாருங்க. நடக்கிறவன் பாதத்தை இப்படியா வெளிய திருப்பி வைப்பான்? ஸ்டுடியோவுல நிக்கிறான்."

பிறகு, கத்தி வலப்பக்கம் தொங்குகிறதே, வலக்கையால் எப்படி உருவுவான் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் படத்தை எத்தனை நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்! விஷயம் தொழில்நுட்பம் சார்ந்தது. பலகையில் செதுக்கியது தாளில் இடவலம் மாறி விழும். வரைபவன் அதை முன்கூட்டியே யோசித்துத் திருப்பி வரைய வேண்டும். ஓர் அச்சுப் படத்தைப் பார்த்து இன்னொருவன் அவசரமாக நகல் செதுக்கினால் யோசிப்பதில்லை. வீரர்கள் எல்லோரும் இடக்கைக்காரர்களாகிவிடுவார்கள். என்னிடமிருந்தது அப்படிப்பட்ட நகல். ஹவில்தாருக்கு அச்சுக்கலை தெரியாது. வாளை எடுத்துப் பார்க்க முயன்றார், வரவில்லை. நானோ அதைக் கையில் எடுக்கவேயில்லை, எடுக்காமலே அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இது சண்டைக்கு இல்ல சார். ஆளெடுக்கிறவனுக்குக் காட்ட" என்று சொல்லிவிட்டுத் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினார். அது அவருடைய சொந்தத் துப்பாக்கி என்று அன்றுதான் எனக்குத் தெரியும். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. லைசென்ஸும் அவர் பெயரில். துப்பாக்கியோடு வருகிறவனுக்குச் சம்பளம் ஒன்று, வெறுங்கையோடு வருகிறவனுக்கு வேறு. "ஏஜென்சிக்கு வேண்டியது துப்பாக்கிதான். நான் அதைத் தூக்கிட்டு வர்ற ஆளு."

லாண்ட்ஸ்க்னெக்ட் படை எப்படிச் சேர்க்கப்பட்டது என்பதை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். தம்பட்டம் அடித்து ஆள் கூப்பிட்டதும், வருகிறவன் தன் ஆயுதத்தைத் தானே கொண்டுவர வேண்டும். குறித்த நாளில் வெளியில் இரண்டு ஹால்பெர்ட்களைத் தரையில் நட்டு, மேலே ஓர் ஈட்டியைக் குறுக்காக வைத்து ஒரு வாசல் கட்டுவார்கள். ஒவ்வொருவனாக அந்த வாசலுக்குள் நுழைந்து வர வேண்டும். பக்கத்தில் மேஜை போட்டு எழுத்தன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். பேர், ஊர், என்ன ஆயுதம், என்ன கவசம் என்று பேரேட்டில் பதிவான். அதைப் பொறுத்துக் கூலி. சாதாரண ஈட்டிக்காரனுக்கு மாதம் 4 குல்டென். நல்ல கவசமும் அனுபவமும் உள்ளவன், முன்வரிசையில் நிற்கச் சம்மதிப்பவன் என்றால் அதைப்போல இரட்டிப்பு. 'இரட்டைச் சம்பளக்காரன்' என்ற பெயரே அப்படி வந்ததுதான். இதில் மோசடியும் உண்டு. பக்கத்தவனின் மார்புக் கவசத்தை இரவல் வாங்கி வாசல் தாண்டிவிட்டு, மறுபக்கத்தில் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். செத்தவன் பெயரில் சம்பளம் போய்க்கொண்டே இருக்கும். பி.ஏ.யில் எங்களுக்கு நான்காம் ஹென்றி நாடகத்தின் இரண்டாம் பாகத்தை நடத்தினார்கள். ஃபால்ஸ்டாஃப் காசு வாங்கிக்கொண்டு திடமான ஆட்களை விட்டுவிட்டு நோஞ்சான்களைப் பட்டாளத்துக்குப் பொறுக்கும் காட்சியில் வகுப்பே சிரித்தது. அது வேடிக்கைக்காக எழுதப்பட்டது என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த முழுக் காட்சியிலும் எனக்கு உரிய இடம் எது என்பதில் சந்தேகமில்லை. மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவன்தான் நான். தினமும் காலையில் எங்கள் கிளைப் பதிவேட்டில் துப்பாக்கி ஒன்று, தோட்டா இத்தனை என்று எழுதி, ஹவில்தாரிடம் கையெழுத்து வாங்குகிறவனும் நானே.

ஆக, ஷோனும் ஸ்டோரும் வரைந்த ஒற்றை வீரனின் படம் அந்தப் பேரேட்டுப் பதிவுக்கு மிக நெருக்கமானது என்று எனக்குப் படுகிறது. ஆள் தனியே நிற்கிறான். பின்னணி அநேகமாகக் கிடையாது, காலடியில் கொஞ்சம் புல், சில கற்கள். ஒவ்வொரு பொருளும் தெரியும்படி உடம்பு திருகியிருக்கிறது. மார்பு இப்பக்கம், இடுப்பு அப்பக்கம். இல்லையென்றால் வாளும் குத்துவாளும் ஒரே சமயத்தில் கண்ணில் படாது. இதை வெறும் ஸ்டைல் என்று கலை வரலாற்றுக்காரர்கள் சொல்லி முடித்துவிடுவார்கள். சரக்கை விரித்துக் காட்டும் நிலை அது. மேலே இருக்கும் செய்யுள்களில், தையலையோ செருப்புத் தொழிலையோ விட்டுவிட்டு இங்கே வந்தேன், அங்கே கூலி போதவில்லை என்று வீரனே பேசும் தாள்களும் உண்டு. கீத் மாக்ஸி 1989ல் வெளியிட்ட புத்தகத்தில் நூரம்பெர்க் தாள்களை நகரத்து மேல்தட்டின் ஒழுக்கப் பார்வையோடும் மாக்ஸிமிலியன் மரபின் படைப் பெருமையோடும் வைத்து விவாதிக்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் விவாதம் நடக்கும் தளம் வாங்குபவனுடையது, பார்ப்பவனுடையது. நான் கேட்பது நின்றவனைப் பற்றி.

இதனால் இந்த ஆயுதங்களில் குறியீடே இல்லை என்று ஆகிவிடாது. கூலிக்கு மேல் மிஞ்சுவது எது என்று பார்க்க வேண்டும். கீறல் உடை அப்படி மிஞ்சியது. பர்கண்டிக்காரர்களிடம் கொள்ளையடித்த பட்டால் ஸ்விஸ் வீரர்கள் தங்கள் கந்தலை ஒட்டுப்போட்டார்கள், அதிலிருந்து வந்தது கீறல் உடை என்று ஒரு கதை உண்டு. கதையை நம்பாவிட்டாலும் போகிறது. வாள் கிழித்த துணி எப்படி இருக்குமோ அப்படி, கிழிபடுவதற்கு முன்னாலேயே தையற்காரனைக் கொண்டு கிழித்துக்கொள்கிறான். வரப்போகும் காயத்தை இப்போதே அலங்காரமாக அணிந்துகொள்கிறான். அணிந்துவிட்டால் வராது என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். கண்ணேறுக்குப் பொட்டு வைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்த்திசையில் நடந்தது இன்னும் விசித்திரம். வியன்னாவில் வில்ஹெல்ம் ஃபான் ரோகென்டார்ஃபின் கவசம் ஒன்று இருக்கிறது. 1523 வாக்கில் ஆக்ஸ்பர்கில் கோல்மன் ஹெல்ம்ஷ்மிட் செய்தது. இந்த ரோகென்டார்ஃப் 1529ல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது உள்ளிருந்து நின்ற தளபதிகளில் ஒருவன். கவசம் முழுக்கக் கீறல். உப்பிய கை, கிழிந்த மடிப்பு எல்லாவற்றையும் இரும்பில் அடித்து உருவாக்கியிருக்கிறார்கள். கூலிக்காரன் கந்தலை அலங்காரமாக்கினான்; பிரபு அந்தக் கந்தலை இரும்பாக்கிப் போட்டுக்கொண்டான். இரும்புக்குக் காயம் படக்கூடாது என்பதுதானே இரும்பைப் போடுவதற்கே காரணம்? அதன்மேல் காயத்தின் உருவத்தைப் பொறித்துக்கொண்டபின் அந்தக் கவசம் எதைக் காக்கிறது? இங்கே குறியீடு என்ற சொல்லை உபயோகிக்க எனக்குத் தயக்கமில்லை. உபயோகம் கழன்று விழுந்த இடம் இது.

பேரரசனின் படத்தில் இந்த உரசல் இல்லை. ஹான்ஸ் புர்க்மைர் 1508ல் செய்த மாக்ஸிமிலியன் குதிரைமேல் வரும் மரச்செதுக்கு பார்க்க அற்புதமானது. இரண்டு பலகைகளில் அச்சிட்டுப் பொன்னும் வெள்ளியும் ஏற்றிய முயற்சிகள் அச்சு வரலாற்றிலேயே முக்கியமானவை. குதிரைக்கும் கவசம், மனிதனுக்கும் கவசம், தலைக்கவசத்தில் மயிலிறகு. அந்த வருஷம்தான் அவன் தன்னைப் பேரரசன் என்று அறிவித்துக்கொண்டான். படம் அந்த அறிவிப்பு. அதற்கு மேல் எனக்கு அதில் பார்க்க ஒன்றுமில்லை. கவசத்துக்குள் ஓர் உடம்பு இருக்கிறதா என்ற கேள்வியே எழாதபடி அவ்வளவு பூரணமாக மூடியிருக்கிறது.

புர்க்மைரைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும், நம் பக்கத்து விஷயம் என்பதால். 1505ல் அல்மெய்தாவின் போர்த்துகீசியக் கப்பல்களோடு வெல்ஸர் வியாபாரக் குடும்பத்தின் ஆளாகப் பால்தஸார் ஸ்ப்ரிங்கர் என்பவன் மலபார்க் கரைக்கு வந்து போனான். அவன் சொன்னதை வைத்து 1508ல் புர்க்மைர் ஒரு நீண்ட மரச்செதுக்கு வரிசை செய்தான். அதில் கொச்சி ராஜா பரிவாரத்தோடு பல்லக்கில் வருகிறான். சில வருஷங்கள் கழித்து, மாக்ஸிமிலியனின் 'வெற்றி ஊர்வலம்' என்ற பிரம்மாண்டமான வரிசையில், 'கள்ளிக்கோட்டை மக்கள்' என்று சில பலகைகளை அவனே செய்திருக்கிறான். மாக்ஸிமிலியன் 1519ல் இறந்துவிட, அந்த வரிசை 1526ல்தான் அச்சானது. கள்ளிக்கோட்டைக்காரர்கள் என்று வருகிறவர்களின் இடுப்பில் பிரேஸில் தேசத்துப் பழங்குடிகளின் இறகுப் பாவாடை. கையில் அவர்களுடைய தடி. அதே வரிசையில் லாண்ட்ஸ்க்னெக்ட் ஏந்திவரும் ஹால்பெர்டின் ரிவிட் ஆணி வரைக்கும் அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தவனின் கையில் இருப்பது கருவி. தெரியாதவனின் கையில் கொடுக்கும்போது எந்தத் தடியும் போதும், அது 'காட்டான்' என்று எழுதிய அட்டை. குறியீட்டுக்கு இப்படி ஒரு பிறப்பும் இருக்கிறது என்பதை நண்பரின் அரிவாளை வைத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் எழுதியவன் மறக்கக்கூடாது.

இவர்கள் எல்லோரும் பார்த்து வரைந்தவர்கள். தூக்கித் திரிந்து வரைந்தவன் யூர்ஸ் கிராஃப்.

1485 வாக்கில் ஸோலோதுர்னில் பிறந்தவன், தொழிலால் பொற்கொல்லன். 1511ல் பாஸெலில் கல்யாணம், 1512ல் நகரக் குடியுரிமை. நடுநடுவே இத்தாலியப் போர்களுக்குக் கூலிப்படையோடு கிளம்பிவிடுவான். ஊரில் இருந்த காலங்களில் அடிதடி, மனைவியைத் துன்புறுத்தியது என்று நீதிமன்றப் பதிவுகளில் அவன் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1518ல் கொலை முயற்சிக் குற்றச்சாட்டில் பாஸெலை விட்டே ஓடி, மறுவருஷம் திரும்பினான். நல்ல மனிதன் என்று யாரும் சொல்ல முடியாது. அவனுடைய கையெழுத்தில், தன் பெயரின் இரண்டு எழுத்துக்களைப் பிணைத்து, பக்கத்தில் ஒரு ஸ்விஸ் குத்துவாளை வரைவான். விமர்சகர்கள் இதை ஆண்மையின் முத்திரை, வன்முறையின் முத்திரை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவன் இடுப்பில் வாஸ்தவமாகவே தொங்கிய பொருள் அது. வாளுறையின் பித்தளை வேலையும் அவனைப் போன்ற பொற்கொல்லன் செய்யக்கூடியதே. இரண்டு தொழிலுக்கும் பொதுவான ஒரே சாமான்.

1521ல் கிராஃப் ஸ்விஸ் மாநிலங்களின் கொடிக்காரர்களைப் பதினாறு தாள்களாகச் செய்தான். வழக்கமான மரச்செதுக்கில் கோடு மேடாக நிற்கும். அதன் இரு பக்கமும் மரத்தை வெட்டி எறிய வேண்டும். கோட்டை யாரும் வெட்டுவதில்லை, கோடு அல்லாததை வெட்டுகிறார்கள். பெரும்பாலும் வரைபவன் ஒருவன், வெட்டுபவன் வேறொருவன். கிராஃப் இங்கே முறையைத் தலைகீழாக்குகிறான். உளி போன இடமே கோடு. அது தாளில் வெள்ளையாக விழுகிறது, சுற்றிலும் கறுப்பு. உலோகத்தைக் கீறிப் பழகிய பொற்கொல்லனின் கை இது. (கவசத்தின்மேல் அமிலத்தால் பூவேலை செய்யும் தொழில்தான் அச்சுக்கலையில் எட்சிங் ஆனது. ஆக்ஸ்பர்கின் டேனியல் ஹோப்ஃபர் அந்தத் தொழிலிலிருந்து வந்தவன். தேதியிட்ட எட்சிங்குகளில் மிகப் பழையது 1513ல் கிராஃப் செய்தது. கவசத்துக்கும் தாளுக்கும் இடையே இவ்வளவுதான் தூரம்.) கறுப்பிலிருந்து அந்தக் கொடிக்காரன் வெளியே வருகிறான். அவனுடைய இறகு, கொடியின் அலை, கீறல் உடையின் கீறல் எல்லாமே மரத்தில் விழுந்த வெட்டுக்கள். உடையில் கீறலைக் காட்ட, வழக்கமான முறையில் கீறலைச் சுற்றி வெட்டி அதை எஞ்சவிட வேண்டும். இங்கே கீறலைக் கீறினாலே போதும். நான் பார்த்த அளவில் பொருளும் செய்முறையும் இப்படி ஒன்றான இடம் வேறில்லை.

இவற்றை ஹவில்தாரிடம் காட்டியபோது, "கொடிக்காரனுக்குக் கத்தி எடுக்கக் கை ஏது சார்? சாகறதுக்கு நிறுத்தி வெச்ச ஆளு" என்றார். கொடி விழுந்தால் அணி கலையும். கொடிக்காரன் அதைப் போடவும் முடியாது, ஓடவும் முடியாது. பதினாறு பேரிலும் வாள் தொங்குகிறது. பதினாறு பேருக்கும் அது உதவாது.

அடுத்த ஏப்ரலில், 1522ல், மிலான் அருகே பிகோக்காவில் ஸ்விஸ் ஈட்டிப்படை வழக்கம்போல நேராக நடந்து சென்று மேட்டின்மேல் இருந்த துப்பாக்கிகளின் முன் விழுந்தது. ஏறத்தாழ 3000 பேர் என்கிறார்கள். கிராஃபின் புகழ்பெற்ற மரச்செதுக்கு 1524ஆம் வருஷத்தியது. இரண்டு வீரர்கள் நிற்கிறார்கள். ஒருவன் ஜெர்மன் லாண்ட்ஸ்க்னெக்ட், இன்னொருவன் ஸ்விஸ். போர்க்களத்தில் இவர்களுக்குள் தீராத பகை. கைதி எடுப்பதில்லை என்ற அளவுக்கு. ஒருவரையொருவர் அடையாளம் காண உடையில் சிலுவை கீறிக்கொள்வார்கள்: ஸ்விஸ்காரனுக்கு நேர்ச்சிலுவை, ஜெர்மன்காரனுக்குக் குறுக்குச் சிலுவை. கோடு சாய்ந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பதில் ஓர் உயிர். படத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஆயுதங்களோடு, ஏதோ பேச வந்தவர்களைப் போல நிற்கிறார்கள். ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் நாய்க்குட்டி. மேலே மரக்கிளையில் எலும்புக்கூடாக மரணம். கையில் மணற்கடிகாரம், அதன்மேல் ஒரு பறவை. மூவரில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மரணமும் வீரனும் என்பது அக்காலத்தின் தேய்ந்த விஷயம். ட்யூரர் 1510ல் செய்து, கீழே தானே செய்யுளும் எழுதினான், சுமாரான செய்யுள். ஹோல்பைனின் மரண வரிசை 1538ல் லியோனில் புத்தகமாக வந்தது. அதில் பிரபு வீரனை மரணம் ஈட்டியால் கவசத்தோடு சேர்த்துக் குத்துகிறது. மரணமே அங்கே கிழிந்த கவசம் போட்டிருக்கிறது. 1545 பதிப்பில் சேர்ந்த படத்தில் சாதாரணச் சிப்பாய் பிணங்களுக்கு நடுவே நின்று இருகை வாளை ஓங்குகிறான். எதிரே மரணம் ஒரு தொடை எலும்பை ஓங்குகிறது. எவனுடைய எலும்போ, கீழேயிருந்து பொறுக்கியது. பிரபுவுக்கு ஈட்டி, கூலிக்காரனுக்கு எலும்பு. இவ்வளவு கெட்டிக்காரத்தனம் கிராஃபிடம் கிடையாது. 1521ல் அவன் பேனாவால் வரைந்த போர்க்களத்தில், செத்துக் கிடப்பவர்களுக்கு மத்தியில் ஒருவன் நின்று ஏதோ குடிக்கிறான், தாகம் எடுத்தவன் குடிப்பதைப் போல. 1514ல் வரைந்த இன்னொரு தாளில் பட்டாளத்தோடு திரியும் பெண் ஒருத்தி. இரண்டு கைகளும் இல்லை, ஒரு காலுக்குப் பதில் மரக்கட்டை. உடை நன்றாகவே இருக்கிறது. இது எதற்குக் குறியீடு என்று நான் ஒரு சாயங்காலம் முழுவதும் யோசித்துப் பார்த்தேன். எழுத உட்கார்ந்தபோது கூசியது.

தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலுக்கு விலக்கு உண்டு. விலக்குக்கான கடிதத்தை ஏஜென்சி நேரத்தில் அனுப்பவில்லை. ஹவில்தார் இரண்டு வாரம் ஒரு பிரம்போடு வாசலில் நின்றார். அந்த நாட்களுக்குச் சம்பளம் வெறுங்கைக்காரனின் கணக்கில். அவருக்கு வருத்தம் சம்பளத்தில்தான் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை. எட்டு மணி நேரம் நிற்கிறவர் துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றி, குழலைப் பற்றிக்கொண்டு, உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் அதற்கு மாற்றி நிற்பது வழக்கம். பிரம்பு அந்தப் பாரத்தைத் தாங்காது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார், இடுப்பில் வைத்தார். மத்தியானத்துக்கு மேல் நாற்காலி கேட்டார், அதுவரை கேட்டதில்லை. வாள்பிடியில் கை வைத்து நிற்கும் அத்தனை மரச்செதுக்கு வீரர்களையும் நான் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. மிரட்டல் என்று நான் குறித்து வைத்திருந்த கைகளில் பாதிக்கு மேல் ஓய்வெடுக்கின்றன.

அன்றிரவு நண்பரின் தொகுப்பையும் எடுத்தேன். பிடியில் சுற்றிய துணி என்று ஒரு வரி. நான் என் மதிப்புரையில் அந்தத் துணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நிலவுடைமைக்குள் அது பொருந்தவில்லை போலிருக்கிறது. உள்ளங்கை கொப்பளிக்காமல் இருக்கச் சுற்றியது. யாருடைய உள்ளங்கை என்பதும் கவிதையிலேயே இருந்தது.

துப்பாக்கி திரும்பி வந்த நாள், பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு, ஹவில்தார் என் மேஜையிலிருந்த 1524ஆம் வருஷப் படத்தைக் கேட்டு வாங்கினார். இரண்டு வீரர்களையும் விட்டுவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரத்துல உக்காந்திருக்கானே, அவன் கையில என்ன சார்?"

மணற்கடிகாரம், நேரம் பார்க்க என்றேன்.

"வேற ஒண்ணும் வெச்சிருக்கலையா?"

"இல்லை."

இன்னும் ஏதோ கேட்க இருந்தார். அதற்குள் பண வேன் வந்துவிட்டது. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.